பெயர் சொன்னால் திறக்கும் கதவு

ஒரு பெரிய கந்தோரிலே, பல்லாண்டு காலமாகச் சேர்ந்த கோவைகள் அலுமாரிகள் நிறைய அடுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நாமே எழுந்து சென்று, அலுமாரி அலுமாரியாகத் திறந்து, அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போய், வேண்டியதைக் கண்டதும் விரலாற் சுட்டிக் காட்டுவது ஒரு வழி. இருந்த இடத்தில் இருந்தபடியே இலிகிதரை அழைத்து, "இன்ன அலுமாரியிலே, இன்ன தட்டிலே, இன்ன பெயருடைய கோவையைக் கொண்டு வாரும்" என்று சொல்வது மற்றைய வழி. முதல் வழிக்குக் கண் இருந்தாற் போதும். இரண்டாவது வழிக்கோ, கோவையின் பெயரும் இருப்பிடமும் நம் மனத்திலே தெளிவாக இருத்தல் வேண்டும்.

கணினியை உபயோகிக்கும் நம் மாணவருட் பெரும்பாலோர் முதல் வழியை மட்டுமே அறிந்தவர்கள். திரையிலே சிறு சிறு படங்கள் தோன்றுகின்றன; சுட்டியை நகர்த்தி ஒரு படத்தின் மேல் இருமுறை அழுத்தினால், கோப்புத் திறக்கின்றது. இது சௌகரியமான வழிதான். அதனைக் குறை கூற வேண்டுவதில்லை. ஆயினும், "நீ எழுதிய கட்டுரை எங்கே இருக்கின்றது?" என்று தந்தையோ ஆசிரியரோ வினவினால், "அந்தச் செயலியைத் திறந்தால் வரும்" என்று விடை கூறும் மாணவர் பலர். கட்டுரையை எழுதியவர் அவர். அதன் இருப்பிடத்தை அறிந்ததோ இயந்திரம் மட்டுமே. இந்நிலையை மாற்றவல்ல ஒரு பழைய பழக்கத்தைப் பற்றி இவ்வாரம் எழுத எண்ணுகின்றோம். கட்டளை வரியிலிருந்து ஒரு கோப்பை உரைத்தொகுப்பானிலே திறக்கும் பழக்கமே அது.

கட்டளை வரி என்பது, படங்கள் எவையும் இன்றி எழுத்துக்களை மட்டுமே காட்டும் ஒரு சாளரம். அங்கே ஒரு சிறு குறி மின்னிக்கொண்டு நமது சொல்லுக்காகக் காத்திருக்கும். நாம் தட்டெழுதும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் செயலிக்கு ‘ஷெல்’ என்று பெயர். உரைத்தொகுப்பான் என்பது, எழுத்தின் பருமன், நிறம், அலங்காரம் ஆகியவற்றைக் கோப்பிலே சேர்க்காது, எழுத்தை எழுத்தாகவே எழுதவும் திருத்தவும் உதவும் செயலி. இவ்விரண்டையும் இணைக்கும் இலக்கணம் மிக எளியது. முதலிலே தொகுப்பானின் பெயர். அடுத்து ஓர் இடைவெளி. அதன் பின் கோப்பின் பெயர். ஈற்றிலே ‘என்டர்’ விசை. இவ்வளவே.

லினக்ஸ் கணினியிலே ‘நனோ’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்துக்களால் தட்டெழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘நாட்குறிப்பு’ என்று தமிழிலேயே எழுதி என்டர் விசையை அழுத்தினால், அப்பெயருடைய கோப்புத் திரையிலே விரியும். விண்டோஸ் கணினியிலே ‘நோட்பேட்’ என்னும் சொல் இவ்வாறு பயன்படும். நிரல் எழுதுவோர் பலர் விரும்பும் ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ என்னும் தொகுப்பானை ‘கோட்’ என்னும் ஒரு சொல்லால் அழைக்கலாம். "இதனைக் கொண்டு அதனைத் திற" என்னும் சிறு வாக்கியமே இக் கட்டளை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் முதியோர் கூறுவது இங்கும் பொருந்தும்.

இப்பழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிவது சுவையான விடயம். 1969ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, மரே ஹில் என்னும் இடத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன் என்பார் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி குழந்தையுடன் உறவினரைக் காணக் கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்த ஒரு மாத காலத்தை அவர் நான்கு கூறாக வகுத்துக்கொண்டார். கணினியை ஆளும் பணிசெயல் முறைமைக்கு ஒரு வாரம். ஷெல்லுக்கு ஒரு வாரம். உரைத்தொகுப்பானுக்கு ஒரு வாரம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவிக்கு ஒரு வாரம். இவ்வாறு பிறந்ததே யுனிக்ஸ் என்னும் முறைமை. கணினியை ஆள்வதற்கு இன்றியமையாத நான்கனுள் ஒன்றாக உரைத்தொகுப்பானை அவர் கருதினார் என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும்.

அத் தொகுப்பானின் பெயர் ‘ஈ’, ‘டி’ என்னும் இரண்டே ஆங்கில எழுத்துக்களால் ஆனது. பெயர் இத்துணைச் சுருங்கியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்திலே கணினியுடன் உரையாடுவதற்கு இருந்த சாதனம், தட்டெழுத்துப் பொறியைப் போன்ற டெலிடைப். பெருவழக்கிலிருந்த 33ஆம் இலக்க டெலிடைப் ஒரு வினாடிக்கு 10 எழுத்துக்களை மட்டுமே காகிதத்தில் அச்சிடும். நூறு எழுத்துக் கொண்ட ஒரு வாக்கியத்தை இயந்திரம் சொல்லி முடிக்கப் பத்து வினாடி செல்லும். ஆகவே மனிதனும் சுருக்கமாகப் பேசினான். இயந்திரமும் சுருக்கமாக விடையளித்தது. தவறான கட்டளை இட்டால், அத்தொகுப்பான் ஒரு வினாக்குறியை மட்டும் அச்சிட்டு நிறுத்திக்கொள்ளும்.

ஒரு கோப்பைத் திறக்கும்பொழுது அது அதனினும் சுருக்கமாக நடந்துகொள்ளும். கோப்பிலுள்ள எழுத்துக்களைக் காட்டாது; அதன் அளவைக் குறிக்கும் ஓர் எண்ணை மட்டுமே காட்டும். இத்தொகுப்பான் இன்றும் லினக்ஸ் கணினிகளிலே கிடைக்கின்றது. ‘அம்மா’ என்னும் ஒரே சொல்லை ஒரு வரியாக எழுதிச் சேமித்து, அக் கோப்பை இதனாலே திறந்து பாருங்கள். 16 என்று விடை வரும். நாம் எண்ணினால் மூன்றே எழுத்துக்கள். இயந்திரத்துக்கு ஏன் பதினாறு? கணினி ‘அம்மா’ என்பதை அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகளாகப் பிரித்துக்கொள்கின்றது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று இடம் வேண்டும். ஐம்மூன்று பதினைந்து, வரியின் முடிவைக் காட்டும் குறிக்கு ஒன்று, ஆகப் பதினாறு. இவ்வாறு மூன்று பைற்றுக்களாலே தமிழைக் குறிக்கும் ‘யூ.ரி.எப்-8’ என்னும் முறையை 1992இல் ரொப் பைக் என்பவருடன் சேர்ந்து வகுத்தவரும் அதே கென் தொம்சன்தான். இன்று கட்டளை வரியிலே நம் கோப்புக்களைத் தமிழ்ப் பெயர் சொல்லி அழைக்க முடிகின்றதென்றால், அதற்கு அம்முறை பெரிதும் துணைநிற்கின்றது.

காகிதம் மறைந்து கண்ணாடித் திரை வந்ததும் தொகுப்பான்களும் மாறின. 1976இல் இலண்டன் குவீன் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜோர்ஜ் கூலூரிஸ் என்பார், திருத்தும் வரியைத் திரையிலே பார்த்துக்கொண்டே திருத்தத்தக்க ஒரு தொகுப்பானை ஆக்கி, ‘சாதாரண மனிதருக்கான தொகுப்பான்’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். அதனைக் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலி பல்கலைக்கழகத்திலே அவர் காட்டியபொழுது, அங்கே மாணவராயிருந்த பில் ஜோய் அதனாற் பெரிதும் ஊக்கம் பெற்றார். பில் ஜோய் ஆக்கிய ‘வீ-ஐ’ என்னும் தொகுப்பான் 1979இல் யுனிக்ஸின் பெர்க்கிலிப் பதிப்புடன் பரவத் தொடங்கியது. அவர் உபயோகித்த ஏ.டி.எம். 3ஏ என்னும் முனையத்திலே அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்துக்களின் விசைகள் மீதே அவை பொறிக்கப்பட்டிருந்தன. அதனாலேயே, இன்றும் அத்தொகுப்பானிலே அந்நான்கு எழுத்துக்களும் இடம், கீழ், மேல், வலம் என்னும் திசைகளைக் குறிக்கின்றன.

ஒல்லாந்து தேசத்தைச் சேர்ந்த பிராம் மூலினார் என்பவர் 1991இல் இதன் வழிவந்த ‘விம்’ என்னும் தொகுப்பானை வெளியிட்டார். அவர் அதற்கு விலை கேட்கவில்லை. கோப்பின் பெயர் எதனையும் சொல்லாது விம்மை வெறுமனே அழைத்தால், உகண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு வேண்டும் ஒரு வரி திரையிலே தோன்றும். மூலினார் 2023இல் காலமானார். அவர் தொடங்கிய பணியைப் பிறர் தொடர்ந்து செய்துவருகின்றனர்.

இனி, மாணவர் முக்கியமாக அறியவேண்டிய விடயத்துக்கு வருவோம். பெயரை மட்டும் சொன்னால், நாம் அப்பொழுது நிற்கும் கோப்புறையிலேயே கணினி அதனைத் தேடும். வேறிடத்திலுள்ள கோப்பு வேண்டுமாயின், அதன் பாதையையும் சொல்லுதல் வேண்டும். தபால் உறையிலே வீட்டிலக்கம், ஒழுங்கை, ஊர் என்று எழுதுகின்றோம் அல்லவா? கணினியிலோ அம்முறை தலைகீழானது: பெரிய கோப்புறை முதலிலும், அதனுள் அடங்கியது அடுத்தும், கோப்பின் பெயர் ஈற்றிலுமாக, இடையிடையே சாய்கோடு இட்டு எழுதுவர். ஒற்றைப் புள்ளி நாம் நிற்கும் கோப்புறையையும், இரட்டைப் புள்ளி அதற்கு மேலுள்ள கோப்புறையையும் குறிக்கும். ‘கோட்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒற்றைப் புள்ளி இட்டால், நிற்கும் கோப்புறை முழுவதையுமே அத்தொகுப்பான் திறந்து வைக்கும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஒரு மாணவி தன் புவியியற் கட்டுரையை ‘மழைவீழ்ச்சி’ என்னும் பெயரிலே சேமித்துள்ளாள் என்று கொள்வோம். மறுநாள் அவசரத்திலே நெடிலைக் குறிலாக்கி, ‘மழைவிழ்ச்சி’ என்று அழைக்கின்றாள். திரையிலே வெறுமையான ஒரு தாள் விரிகின்றது. பல நாள் உழைப்பு அழிந்துபோயிற்று என்று அவள் கலங்குவாள். உண்மையிலே நடந்தது வேறு. அப்பெயருடைய கோப்பு இல்லையென்பதைக் கண்ட நனோவோ வீ-ஐயோ, புதிதாக ஒன்றை எழுதவே அவள் விரும்புகின்றாள் என்று கருதி வெற்றுத் தாளை விரித்துவைத்தது. இது புதிய கோப்பு என்பதைத் திரையின் அடியிலே ஒரு சிறு குறிப்பாலே தெரிவித்தும் இருக்கும். கலங்கிய கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. நோட்பேட் இவ்விடயத்தில் சற்றுக் கரிசனை உடையது: அத்தகைய கோப்பு இல்லை, புதிதாக ஆக்கட்டுமா என்று கேட்டே மேற்செல்லும்.

இவ்வாறு நேர்ந்தால் செய்யவேண்டுவது ஒன்றே. எதனையும் எழுதாது, சேமியாது, வெளியே வந்துவிடுக. சேமிக்கும் வரையிலும் வட்டிலே புதிய கோப்பு எதுவும் உண்டாவதில்லை. பழைய கட்டுரையும் தன் இடத்திலேயே பத்திரமாக இருக்கும். பின்பு ‘எல்’, ‘எஸ்’ என்னும் இரண்டு எழுத்தாலான கட்டளையை இட்டால், அக் கோப்புறையிலுள்ள பெயர்கள் யாவும் வரிசையாகத் தோன்றும். வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. பெயரின் முதற் சில எழுத்துக்களை மட்டும் எழுதி, விசைப்பலகையின் இடப்புறத்திலுள்ள ‘டப்’ விசையை அழுத்துக. அவ்வெழுத்துக்களாலே தொடங்கும் கோப்பு ஒன்றே இருக்குமாயின், ஷெல் எஞ்சிய பெயரைத் தானே நிரப்பித் தரும். நிரப்பவில்லையாயின், பெயர் பிழை, அல்லது இடம் பிழை, அல்லது அவ்வாறு தொடங்கும் பெயர்கள் பல உள்ளன என்று அறிந்துகொள்ளலாம்.

தமிழிலே பெயரிடுவோர் மேலும் இரண்டு விடயங்களைக் கருத்திற்கொள்ளல் நன்று. முதலாவது, பெயரினுள் இடைவெளி விடுதல். ‘என் கதை’ என்று எழுதினால், ‘என்’ ஒரு கோப்பு, ‘கதை’ மற்றொரு கோப்பு என்று ஷெல் பொருள்கொள்ளும். மேற்கோட்குறிக்குள் அடக்கி எழுதினால், அல்லது இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு இட்டால், இத்தொல்லை இல்லை. இரண்டாவது, ஒகர உயிர்மெய். ‘பொருள்’ என்பதிலுள்ள ‘பொ’வை இருவகையாகக் கணினியிலே பதியலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கண்முன்னே தோன்றும் கோப்பு அழைத்தால் வரவில்லையென்றால், இதுவும் ஒரு காரணமாகலாம். இங்கேயும் டப் விசை கைகொடுக்கும்.

உள்ளே செல்லக் கற்றவர் வெளியே வரவும் கற்றிருத்தல் வேண்டும். அலிபாபாவின் கதையிலே, குகைக்குள்ளே புகுந்த காசிம் திறவுச் சொல்லை மறந்து உள்ளேயே அகப்பட்டுக்கொண்டான் என்று படித்திருக்கின்றோம். வீ-ஐயை முதன்முறை திறந்த பலருக்கு இதே கதிதான். தட்டும் எழுத்துக்கள் திரையிலே பதிவதில்லை. அல்லது எதிர்பாராத எதுவோ நிகழ்கின்றது. ஏனெனில் அத்தொகுப்பானிலே எழுத்து விசைகள் தொடக்கத்தில் கட்டளைகளாகவே கொள்ளப்படும். ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்திய பின்னரே நாம் எழுதுவது தாளிலே பதியும். வெளியேறுவதற்கு, முதலிலே ‘எஸ்கேப்’ விசை, அடுத்து முக்காற்புள்ளி, பின் ‘கியூ’ என்னும் எழுத்து, பின் வியப்புக்குறி, ஈற்றில் என்டர். இது மாற்றங்களைச் சேமியாது வெளியேறும் வழி. சேமித்து வெளியேற வேண்டுமாயின், முக்காற்புள்ளிக்குப் பின் ‘டபிள்யூ’, ‘கியூ’ என்னும் இரண்டையும் எழுதி என்டரை அழுத்துக. நனோவிலே ‘கொன்ட்ரோல்’ விசையுடன் ‘எக்ஸ்’ என்பதை அழுத்தினாற் போதும். மாற்றம் செய்திருந்தால், சேமிக்கட்டுமா என்று அதுவே கேட்கும்.

படங்களைச் சுட்டித் திறக்கும் காலத்திலே இவையெல்லாம் எதற்கு என்று சிலர் வினவலாம். இன்று நாம் படிக்கும் செய்திகளையும் பார்க்கும் காட்சிகளையும் அனுப்பிக்கொண்டிருக்கும் தூரதேசத்துச் சேவையகக் கணினிகள் பலவற்றிலே, திரையும் இல்லை, சுட்டியும் இல்லை. அவற்றைப் பராமரிப்பவர் எங்கோ ஓரிடத்திலிருந்து கட்டளை வரியாலேயே அவற்றினுட் சென்று, ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் திருத்தி மீளுகின்றார். யுனிக்ஸ் முறைமைகளுக்குரிய சர்வதேசத் தரநியமத்திலே வீ-ஐயும் இடம்பெற்றிருப்பதால், அத்தகைய கணினிகளிலே வேறு தொகுப்பான் இல்லாவிடினும் அதனையேனும் எதிர்பார்க்கலாம். நிரலொன்றிலே பிழை நேர்ந்தால், 250ஆம் வரியிலே பிழை என்று கணினி கூறும். கோப்பின் பெயருக்கு முன்னே கூட்டற்குறியும் 250 என்னும் எண்ணும் இட்டு அழைத்தால், நனோவும் வீ-ஐயும் நேரே அவ்வரியிலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். படங்களாற் பெயர்பெற்ற விண்டோஸை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனமே, 2025இல் கட்டளை வரிக்கென ‘எடிட்’ என்னும் சிறிய தொகுப்பானைப் புதிதாக வெளியிட்டது. பழைமை என்று ஒதுக்கப்பட்டது இன்னும் பயன் குன்றவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இவற்றைவிடப் பெரிதாக நாம் கருதுவது மற்றொன்று. பெயர் சொல்லித் திறக்கப் பழகியவர், பெயரிடும்பொழுதே சிந்திக்கின்றார். ‘புதியது’, ‘புதியது இரண்டு’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் பெயரிட்டுவிட்டு, பரீட்சைக்கு முதல்நாள் எது எதுவென்று அறியாது தவிக்கும் நிலை அவருக்கு வருவது அரிது. பாடத்துக்கு ஒரு கோப்புறை, தவணைக்கு ஒரு கோப்புறை என வகுத்து, பொருள் விளங்கும் பெயரை இட்டு வைப்பார். அவருடைய கணினி பழுதுற்றாலும், தன் உழைப்பிலே எவ்வெவற்றை வேறிடத்திற் பிரதி செய்து வைத்தோம், எவற்றை வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோர் இதற்கெனப் பணம் செலவிட வேண்டியதில்லை. லினக்ஸும் நனோவும் விம்மும் இலவசமாகவே கிடைப்பவை. பழைய கணினியிலும் இயங்குபவை. பிள்ளைகள் இவ்வாரம் ஒரு சிறு கோப்புறையை ஆக்கி, அதனுள்ளே தமிழ்ப் பெயருடன் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கட்டும். தினமும் மாலையிலே கட்டளை வரியிலிருந்து அதனைப் பெயர் சொல்லித் திறந்து, நான்கு வரி எழுதி, சேமித்து, முறையாக வெளியேறட்டும். ஒரு மாதம் சென்றபின், "உன் நாட்குறிப்பு எங்கே இருக்கின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். திரையைச் சுட்டாமலே அவர்கள் விடை சொல்லுவார்கள்.